புகைக்கு ஒரு வழி: புகையில்லா அடுப்பிலிருந்து பெல்லட் அடுப்பு வரை

அடுப்பு எரிந்தால் புகை எங்கேயாவது போயாக வேண்டும். அது கூரைக்கு மேலே போகலாம், சுவர் வழியே வெளியேறலாம், அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரின் நுரையீரலுக்குள்ளும் போகலாம். இந்தியாவில் 'புகையில்லா அடுப்பு' என்ற பெயரில் கடந்த முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் முயற்சிகள், இந்த மூன்றாவது வழியை அடைப்பதற்காக எழுந்தவை. அவற்றுள் முக்கியமான இரண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவாயின. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி, அந்த அடுப்புகள் யாருக்காகச் செய்யப்பட்டனவோ அதே வகைச் சமையலும் அதே வகை விறகும் உள்ள நிலம்.

கொடியடுப்பும் ஊதுகுழலும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிர் தமிழகச் சமவெளியில் அறியாத குளிர். கேழ்வரகுக் களியே இப்பகுதியின் பழைய முதன்மை உணவு. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் அதன் பெயர் ராகி முத்தெ. களி கிண்டுவது மென்மையான வேலை அல்ல. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, துடுப்பால் முழு வலுவுடன் திரும்பத் திரும்பக் கிண்ட வேண்டும். பானை அசையக்கூடாது, அடுப்பு அதைவிட அசையக்கூடாது. வெளியிலிருந்து வந்த அடுப்பு வடிவமைப்பாளர்கள் பலருக்கு இது தாமதமாகவே புரிந்தது.

பழைய மண்ணடுப்பில் புகைபோக்கி கிடையாது என்றாலும் அது அறிவில்லாத பொருள் அல்ல. முதன்மை அடுப்பிலிருந்து ஒரு துளை வழியாக வெப்பத்தைப் பக்கத்துப் பானைக்குக் கடத்தும் கொடியடுப்பு தமிழ் வீடுகளில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. தணல் மங்கினால் ஊதுகுழலால் ஊதி எரியவிடுவார்கள். வீணாகும் வெப்பத்துக்கு இரண்டாவது பானை, குறைவாக உள்ள காற்றுக்கு ஒரு குழல். பின்னால் வந்த அடுப்புகளின் இரு அடிப்படைக் கருத்துகளும் இங்கேயே உள்ளன.

புகைக்கும் அன்று வேலை இருந்தது. அடுப்புக்கு மேலிருந்த பரணில் விதையும் புளியும் புகைபட்டுப் பூச்சி அண்டாமல் இருந்தன. கூரை ஓலையைப் புகை கரையானிடமிருந்து காத்தது. புகையை முற்றிலும் வெளியேற்றினால் இவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

வார்தாவும் ஐதராபாத்தும்

மகாத்மா காந்தியின் முன்முயற்சியில் 1934இல் அனைத்திந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. சங்கத்தின் தலைமையிடம் வார்தாவிலிருந்த மகன்வாடி. மகன்லால் காந்தியின் நினைவாக அந்த இடத்துக்கு அப்பெயர் வந்தது. தமிழ்ச் சொல்லான 'மகன்' உடன் அதற்குத் தொடர்பில்லை. அங்கே உருவாகி 1947ஐ ஒட்டி அறிமுகமான புகைபோக்கியுள்ள மண்ணடுப்பு 'மகன் சூல்ஹா' எனப்பட்டது.

அதைவிட அதிகம் பேசப்பட்டது ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜூ உருவாக்கிய அடுப்பு. அதைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் வெளியானது. புகை, கரி, வெக்கை, வீண்செலவு, தீவிபத்து ஆகிய ஐந்திலிருந்தும் சமையலறைக்கு விடுதலை என்பது அவர் வைத்த முழக்கம். அவருடைய அடுப்பில் விறகு எரியும் அறை ஒன்று, அதிலிருந்து ஒரு சுரங்கம் போல நீளும் பாதையின் மேல் அடுத்தடுத்துப் பானைகள், கடைசியில் புகைபோக்கி. கொடியடுப்பை நீட்டி அதன் வாலில் ஒரு குழாயைப் பொருத்தியது போன்ற அமைப்பு. சூடான புகை ஒவ்வொரு பானையையும் தொட்டுச் சென்ற பிறகே வெளியேறும் என்பதால் விறகும் மிச்சமாகும் என்று ராஜூ கருதினார்.

புகைபோக்கி எப்படி இழுக்கிறது

புகைபோக்கியை வெறும் குழாய் என்று நினைப்பவர்கள்தான் அதைத் தவறாகப் பொருத்துகிறார்கள். சூடான புகை வெளிக்காற்றை விட எடை குறைந்தது. குழாய்க்குள் நிற்கும் சூடான காற்றுத் தூணுக்கும், வெளியே அதே உயரத்தில் நிற்கும் குளிர்ந்த காற்றுத் தூணுக்கும் இடையிலான எடை வித்தியாசமே இழுவை. குழாய் உயரமானால் இழுவை கூடும். புகை சூடாக இருந்தாலும் கூடும்.

இந்த விசை மிகச் சிறியது. 3 மீட்டர் உயரக் குழாயில் 150 பாகை சூட்டில் புகை நின்று, வெளியே 30 பாகை இருந்தால் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் அவ்வளவு. இவ்வளவு மெல்லிய விசையைக் கெடுக்க அதிகம் தேவையில்லை: ஒரு வளைவு, குழாயின் உட்சுவரில் படிந்த கரி, சரியாக உட்காராத பானையின் இடுக்கு, கூரை முகட்டுக்குக் கீழே முடிந்துவிட்ட குழாய் வாய். காற்று முகட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் குழாய் முடிந்தால், புகை மேலே போவதற்குப் பதில் வீட்டுக்குள் திரும்பும்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. விறகை மிச்சப்படுத்த வேண்டுமானால் புகையிடமிருந்து வெப்பத்தை முடிந்தவரை பானைகள் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கிக்கொண்டால் புகைபோக்கிக்குள் நுழையும் புகை ஆறிவிடும், இழுவை குறையும், தார் படியும். நல்ல புகைபோக்கி அடுப்பின் வடிவமைப்பு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேடுவதுதான்.

கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. கருங்கல் மலிவாகக் கிடைக்கும் இப்பகுதியில் கற்பலகைகளைப் பரப்பிக் கூரை போடும் வழக்கம் உண்டு. ஓலைக் கூரையிலும் ஓட்டுக் கூரையிலும் குழாய்க்கு வழிவிடுவது எளிது. கற்பலகையைத் துளைப்பது எளிதல்ல. விரிசல் விட்டால் பலகையே போய்விடும். அதனால் குழாயைச் சுவர் வழியே திருப்ப வேண்டிவரும். ஒவ்வொரு திருப்பமும் அந்த 10 பாஸ்கலில் ஒரு பங்கைத் தின்னும்.

உங்ராவின் ஒலே

1974இல் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. கே. என். ரெட்டி 'அஸ்த்ரா' என்னும் பிரிவைத் தொடங்கினார். ஊரகப் பகுதிகளுக்கு அறிவியலைக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். துமகூரு மாவட்டம் குணிகல் வட்டத்திலுள்ள உங்ரா என்ற கிராமத்தில் அதன் விரிவாக்க மையம் இயங்கியது. அங்குள்ள ஊர்களில் எரிபொருள் எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது, மொத்த ஆற்றலில் பெரும்பகுதி விறகு என்பதும், அது பெரும்பாலும் சமையலுக்கே போகிறது என்பதும் தெரிந்தது. பம்புசெட்டும் விளக்கும் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஊரக ஆற்றல் கொள்கைக்கு இது ஒரு பாடம்.

அதன் விளைவாக 1980களின் தொடக்கத்தில் உருவானது அஸ்த்ரா ஒலே. லோக்ராஸ், ஜெகதீஷ் முதலியோர் இதில் பணியாற்றினர். கன்னடத்தில் 'ஒலே' என்றால் அடுப்பு. தமிழின் 'உலை' என்பதும் அதே வேரிலிருந்து வந்த சொல். மூன்று பானைகள், விறகு எரியக் கம்பித் தட்டு, அளவோடு காற்று நுழைய வழி, கடைசியில் புகைபோக்கி. பழைய அடுப்பு விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்களவே பானைக்குத் தந்தது என்றால், இது ஆய்வகத்தில் 40 சதவீதத்தைத் தாண்டியது. அதைவிட முக்கியமானது, களி கிண்டும் வேகத்தைத் தாங்கும் கனமான உடல் அதற்கு இருந்தது.

கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இதை அம்மாநிலத்தில் பரப்பியது. மத்திய அரசு 1983-84இல் தொடங்கிய தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் மாநிலவாரியாகவே நடந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மாதிரிகள், தனித்தனித் தொழில்நுட்ப உதவி நிலையங்கள். தமிழ்நாட்டுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் வடிவங்கள் இருந்தன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மொழி மாறும், பேருந்தின் நிறம் மாறும். களியோ விறகோ மாறாது. ஆனால் அரசு தரும் அடுப்பு மாறியது. சமையலை வைத்து வகுத்திருந்தால் ஓசூரும் ஆனேக்கல்லும் ஒரே அடுப்பைப் பெற்றிருக்க வேண்டும்.

இந்தத் திட்டம் 2002இல் மத்திய அரசால் கைவிடப்பட்டபோது நாடெங்கும் சுமார் 3.5 கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு. எத்தனை எரிந்துகொண்டிருந்தன என்பது வேறு கேள்வி. மானியம் அடுப்பைக் கட்டுவதற்கு மட்டும் கிடைத்தது. பூச்சு உதிர்ந்தால், குழாய் அடைத்தால், வந்து பார்க்க யாரும் இல்லை. சீனா 1982 முதல் 1992 வரை நடத்திய திட்டத்தில் ஏறத்தாழ 12.9 கோடி அடுப்புகள் அமைந்தன. அங்கே உதிரி பாகங்களைச் செய்துவிற்கும் உள்ளூர்த் தொழிலும் கூடவே வளர்ந்தது. வித்தியாசம் பெருமளவு அங்கேதான் இருக்கிறது.

அளந்து பார்த்தபோது

புகை கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கெடுதல் என்று அளந்தது 1980களில்தான். கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் அகர்வால், தவே ஆகியோருடன் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மூச்சுக்கு அருகே கருவி வைத்து அளந்து 1983இல் வெளியிட்டார். சமையல் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாகக் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் தூசித்துகள் இருந்தது. மேம்படுத்தப்பட்ட அடுப்பு இருந்த வீடுகளிலும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நான்கு மாவட்டங்களில் 436 ஊரக வீடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டது. விறகு போன்றவற்றால் சமைக்கும் வீடுகளில், சமைக்கும் நேரத்தில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதுமான சராசரியில், சமைப்பவர் சுவாசித்தது 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமைக்காதவர் சுவாசித்தது 90. ஒரே கூரையின் கீழ் இரண்டு வேறு காற்று. உலகெங்கும் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றை ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகியோர் 2012இல் வெளியிட்டனர். புகைபோக்கி அடுப்பு தந்த முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்தது. அடுப்பைப் பராமரிக்கவில்லை, காலப்போக்கில் பயன்படுத்துவதும் குறைந்தது. இதை மக்களின் அக்கறையின்மை என்று படித்தவர்கள் உண்டு. குழாயைக் கழற்றிக் கரி தட்டுவது அழுக்கான, கூரையேறும் வேலை என்பதையும், பழுதானதைச் சரிசெய்ய ஆளோ பாகமோ அருகில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

புகையே வராத அடுப்பு

புகையை வெளியேற்றுவது கடினம் என்றால், புகையே வராதபடி எரித்தால் என்ன? இந்திய அறிவியல் கழகத்தின் எரிதல் ஆய்வகத்தில் எச். எஸ். முகுந்தாவும் அவர் குழுவும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டனர். புகை என்பது முழுமையாக எரியாத எரிபொருள். விறகு சூடாகும்போது வெளியேறும் வாயுக்களுக்குச் சரியான இடத்தில், சரியான அளவில் காற்று கிடைத்தால் அவை எரிந்து முடிந்துவிடும்.

இதற்கு எரிபொருள் ஒரே அளவில், ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். காட்டு விறகில் அது நடக்காது. கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்ற வேளாண் கழிவுகளை அரைத்து, அழுத்தி, விரல் பருமனில் சிறு துண்டுகளாக்கினால் நடக்கும். இதுவே பெல்லட். அடுப்பு ஒரு குவளை போன்றது. சுமார் 600 கிராம் பெல்லட்டை நிரப்பி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் சிறு விசிறி, அடியிலிருந்து கொஞ்சமும் மேல்விளிம்புத் துளைகள் வழியே மீதியுமாகக் காற்றைச் செலுத்தும். கீழே எழும் வாயு மேலே வந்து எரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும். ஊதுகுழலின் வேலையை விசிறி எடுத்துக்கொண்டது எனலாம்.

பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் இதை 'ஊர்ஜா' என்ற பெயரில் 2006இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏழைகளை வாடிக்கையாளர்களாகப் பார்க்கச் சொன்ன, கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத்தின் கருத்துகள் அதற்குப் பின்னணி. மதுரையின் கவனன்ட் வளர்ச்சி மையம், மகாராட்டிரத்தின் சுவயம் சிக்ஷண் பிரயோக் ஆகிய தொண்டு நிறுவனங்கள் துணைநின்றன. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களின் ஊர்களில் பெண்களே முகவர்களாக விற்றனர். 2009இல் இத்தொழில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அந்த ஆண்டின் முடிவுக்குள் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றிருந்தன. மானியம் இல்லாமல் விற்ற அடுப்புக்கு இது பெரிய எண்ணிக்கை.

இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது.

அதே பெல்லட், வேறு வீடு

ஊர்ஜாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெல்லட் அடுப்பு அமெரிக்காவில் பரவத் தொடங்கியிருந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, விமானப் பொறியியலாளரான ஜெரி விட்ஃபீல்டு 1980களின் முதல் பாதியில் அதை வீட்டைச் சூடாக்கும் கருவியாக வடிவமைத்தார். மரத்தூளால் ஆன பெல்லட்டை ஒரு திருகு சிறிது சிறிதாக எரிகலத்துக்குத் தள்ளும். விசிறி எரிகாற்றை இழுத்து வெளியே தள்ளும். குளிர்நாட்டு வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. ஓசூரில் தரைக்குக் கீழே தோண்டினால் வண்டி நிறுத்தமோ கிடங்கோதான் வரும். அங்கே அது சுவர் பூசி, விரிப்புப் போட்டு, குடும்பம் அமரும் அறை. அங்கே இந்த அடுப்பை வைப்பது வழக்கமாயிற்று.

அப்படி வைக்கும்போது புகைவழியே முதல் கவலை. நிலவறைச் சுவரின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. குழாய் அறைக்குள்ளேயே மேலேறி, தரைமட்டத்துக்கு மேலே சுவரைத் துளைத்து வெளியேற வேண்டும். பனி குவிந்தாலும் மூடாத உயரத்தில் அதன் வாய் இருக்க வேண்டும். சன்னலுக்கு அருகே இருக்கக்கூடாது. இரட்டைச் சுவருள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இதற்கென்றே வந்தது. விசிறி புகையைத் தள்ளுவதால் குழாய்க்குள் அழுத்தம் கூடுதல். இணைப்புகளில் கசிவிருந்தால் புகை அறைக்குள் பீய்ச்சும். எனவே ஒவ்வொரு இணைப்பையும் அடைக்க வேண்டும், திருப்பத்தில் சாம்பல் எடுக்கத் திறப்பு வைக்க வேண்டும். இறுக்கமாக மூடிய வீட்டில் எரிகாற்றுக்கே பஞ்சம் வரும் என்பதால் வெளிக்காற்றுக்குத் தனிக் குழாய். மின்சாரம் போனால் விசிறி நிற்கும், கலத்திலுள்ள பெல்லட் புகைந்துகொண்டிருக்கும். அப்போது கைகொடுப்பது மறுபடியும் அந்தப் பழைய இழுவைதான். அதனால் குழாயில் சில அடிகளாவது செங்குத்தாக ஏற்றம் வைக்கச் சொல்கிறார்கள்.

ஒரே எரிபொருளுக்கு ஓரிடத்தில் இவ்வளவு காப்பு, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை. காரணம் வீடு. ஓட்டின் இடுக்கிலும் திறந்த கதவிலும் காற்றோடும் சமையலறையில், குறைந்த புகை கலைந்துவிடும் என்பது இந்திய வடிவமைப்பின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஓரளவு சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்ததும் ஆபத்து போய்விட்டது என்று தோன்றுகிறது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அப்படிப் போவதில்லை. பெல்லட் எரிந்து முடிந்து கரித்துண்டாகக் கனலும் கடைசிக் கட்டத்தில் அது கூடுதலாகவே வரும். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் வருவது இதனால்தான். எரியாத பெல்லட்டும் மூடிய இடத்தில் மெல்ல இந்த வாயுவை விடும். கப்பல் சரக்கறைகளில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. தளியின் மார்கழி இரவில் கதவைச் சாத்திக்கொண்டு எரிக்கப்படும் அடுப்பு, வடிவமைப்பாளர் நினைத்த அடுப்பல்ல.

பெல்லட் போன இடம்

ஊர்ஜா குடும்பங்களிடம் நிலைக்கவில்லை. பெல்லட்டின் மூலப்பொருளான வேளாண் கழிவு இலவசமாகக் கிடந்த பொருளாக நீடிக்கவில்லை. ஆலைக் கொதிகலன்களும் மின்னுற்பத்தியும் அதே சக்கையையும் தோலையும் கேட்டன, விலை ஏறியது. விநியோகம் தடைபட்ட ஊர்களில் அடுப்பு மூலைக்குப் போனது. அதில் வேறு விறகைப் போட்டு எரிக்க முடியாது. வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே எரிவாயு வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் என்பதும் பிந்தைய ஆய்வில் தெரியவந்தது. புகைபோக்கி அடுப்பில் கரி தட்ட ஆளில்லாதது போல, இங்கே பெல்லட் கொண்டுவர ஆளில்லை. நிறுவனம் தன் கவனத்தை உணவகங்களின், விடுதிகளின் பெரிய சமையலறைகளுக்குத் திருப்பியது.

இதற்குள் எரிவாயு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2006 தேர்தல் வாக்குறுதிப்படி இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் தரப்பட்டன. 2016 மே 1ஆம் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019 செப்டம்பருக்குள் நாடெங்கும் 8 கோடி இணைப்புகளைத் தந்தது. ஓசூரின் வளர்ச்சியும் சமையலறையை மாற்றியது. 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, சிப்காட்டைச் சுற்றி வரிசை வீடுகளும் ஒற்றை அறைகளும் பெருகின. அங்கே மண்ணடுப்பு போட இடமும் இல்லை, வீட்டுக்காரர் விடுவதும் இல்லை.

மத்திய மின்துறை 2021 அக்டோபரில் அனல் மின்நிலையங்கள் நிலக்கரியுடன் 5 சதவீதம் உயிரிப்பொருள் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. கிராமத்துச் சமையலறைக்காகச் செய்யப்பட்ட எரிபொருளுக்கு வாங்குபவர் இப்போது மின்நிலையம்; அதன் புகை நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி வழியே போகிறது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் விறகு முற்றிலும் போய்விடவில்லை. காப்பியும் குழம்பும் எரிவாயுவில் ஆகின்றன. களியும் குளிக்க வெந்நீரும் பல வீடுகளில் இன்னும் விறகில். அந்த அடுப்பு வீட்டுக்குப் பின்னால், கூரையில்லாத இடத்தில், மூன்று கல்லின் மேல் இருக்கிறது.